ஆதாரம் எங்கே

பெரியப்பா வீட்டு எண்ணைத் தொடப் போன விரலுக்கு முன்னால் மேலிருந்து ஒரு செய்தி இறங்கிப் பெயரை மறைத்தது. ‘ஆதாரம் எங்கே?’ அவள் அதை ஒதுக்கித் தள்ளினாள். அடுத்தது இறங்கியது. ‘ஓடி ஒளிஞ்சுட்டியா?’ அதையும் தள்ளினாள். மூன்றாவதில் எழுத்தே இல்லை, ஒரு கழுதையின் படம் மட்டும். அதைத் தள்ளும்போது விரல் வழுக்கி, அழைப்பு தண்ணீர் கேன் போடுபவருக்குப் போய்விட்டது.

“இன்னிக்கு வேணுமா சார்?” என்று அந்தப் பக்கம் குரல் கேட்டது.

“வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கணவன் வழிச் சொந்தங்களின் எண்கள் எல்லாம் கணவனின் போனில்தான் இருந்தன. மூன்று மணிக்கு எடுப்பது என்று முடிவாகியிருந்தது. இப்போது மணி பத்தரை. படுக்கையறைக் கதவோரம் நின்றபடி இரண்டு மணி நேரமாகப் போராடியும் பதினோரு பேருக்குத்தான் அவளால் சொல்ல முடிந்திருந்தது. கையில் போன் காய்ச்சல்காரனின் நெற்றி போலச் சுட்டது. கூடத்தில், சோபாவை நகர்த்திய இடத்தில், கண்ணாடி மூடிய குளிர்பெட்டிக்குள் அவன் படுத்திருந்தான்.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டான். இயந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததாம். சத்தம் நிற்கவில்லையே என்று எட்டிப் பார்த்த பிறகுதான் முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பத்தாறு வயது.

லென்ஸ் தேய்ப்பது அவன் பிழைப்பு. உயிர் என்னவோ டி.வி.யில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல் பெட்டிகளில் இருந்தது. வீட்டுக்கு வந்து கை கழுவியதும் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். எந்தக் கம்பெனி அடுத்து என்ன கொண்டுவரப் போகிறது, பழைய விளையாட்டு புதிய பெட்டியில் ஓடுமா ஓடாதா என்பதையெல்லாம் எழுத இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தான். விளையாட்டு டிஸ்க்கை நினைத்து அதற்கு ‘பழைய தட்டு’ என்று பெயரிட்டான். அவனுடைய அக்கா வெகுகாலம் அதைப் பாத்திர வியாபாரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். நாற்பதாயிரம் பேர் படித்தார்கள்.

அதில்தான் மூன்று நாளைக்கு முன்பு எழுதியிருந்தான். வரப்போகும் கன்சோலில் பழைய டிஸ்க் எதுவும் ஓடாது. நாளுக்கு ஒருமுறை இணையத்தில் சேராவிட்டால் புதிதாக வாங்கிய விளையாட்டும் திறக்காது. எழுதிவிட்டு அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவளிடமும் சொன்னான்.

“யோசிச்சுப் பாரு. நீ வாங்கி அலமாரில வெச்ச பொருள். ஒருநாள் அது உன்னையே யாருன்னு கேக்கும்.”

“ஊர் உலகத்துக்கெல்லாம் முன்கூட்டியே தகவல் சொல்றீங்க. கேஸ் தீரப்போகுதுன்னு எனக்கு யாரு சொல்றது?” என்றாள் அவள். அவன் சிரித்தான். பேச்சு அதோடு முடிந்தது.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கம்பெனி இரண்டே வரியில் ஓர் அறிக்கை விட்டது. பரவும் தகவல்கள் அடிப்படையற்ற வதந்தி. அவ்வளவுதான், ஊரே திரண்டு வந்துவிட்டது. எழுதியவன் செத்துப்போனது தெரியாமல் இந்த நிமிடம்வரை திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

“அண்ணி, போனைக் கொஞ்சம் குடுங்க” என்றபடி கொழுந்தன் வந்தான். டி.வி., பிரிட்ஜ் விற்கும் பெரிய கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். கண் சிவந்திருந்தது. “அண்ணன் பக்கத்துல நான் ஒண்ணு போட்டுடறேன்.”

“என்ன போடப் போறீங்க, தம்பி?”

“அண்ணன் தவறிட்டாருன்னுதான். அப்படியே, அவரு எழுதினது தப்பான தகவல், குடும்பத்து சார்பா வருத்தம் தெரிவிக்கிறோம்னு ஒரு வரி. அதோட அடங்கிடுவானுங்க.”

“செத்த மனுஷன் மன்னிப்பு கேக்கணுமா?”

“அவரு எங்க கேக்கறாரு? நாம கேக்கறோம். என் நிலைமையையும் பாருங்க அண்ணி. அவரு எழுதின மறுநாளே எங்க கடையில பதினாலு பேரு அந்தக் கன்சோல் புக்கிங் வேண்டாம்னுட்டாங்க. உன் அண்ணன்தானேன்னு மேனேஜர் அத்தனை பேரு முன்னாடி கேக்கறாரு. இன்னிக்கு லீவு சொல்லப் போனப்பகூட முதல்ல அதத்தான் கேட்டாரு.”

அவளுக்கும் உள்ளுக்குள் அது நியாயமாகவே பட்டது. யாரோ எதையோ சொல்ல, இவன் நம்பி எழுதியிருப்பான். எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்டு, போயும் சேர்ந்துவிட்டான். இருந்து பதில் சொல்ல வேண்டியவன் ஹாயாகப் படுத்திருக்கிறான், கழுதைப் படங்களைத் தள்ளிக்கொண்டு நிற்பது இவள்.

“சொந்தக்காரங்களுக்குச் சொல்லி முடிச்சுடறேன். அப்புறம் தர்றேன்” என்றாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நீல நிற வேலைக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மட்டும் பின்பக்கம் தெரியும்படி திருப்பி விடப்பட்டிருந்தது. நேராகக் குளிர்பெட்டியிடம் போய் நின்று, மூக்கைச் சிந்தவும் மறந்து, தோள் குலுங்க அழுதாள். அதுவரை சளசளத்துக்கொண்டிருந்த கூடம் கப்பென்று அடங்கியது. நேற்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்படி அழவில்லை.

நாத்தனாரின் பார்வை அந்தப் பெண்ணின் மீதிருந்து அவள்மீதும், மறுபடி அந்தப் பெண்மீதும் போய் வந்தது.

“நீங்க யாரு?” என்று நாத்தனாரை முந்திக்கொண்டு அவளே கேட்டாள். எல்லார் காதிலும் விழும்படிதான் கேட்டாள்.

“சார் கடையில… கண்ணாடி போட்டுக்கிட்டேன்.”

“கண்ணாடி போட்டதுக்கா இவ்வளவு அழுகை?” என்றாள் நாத்தனார், பக்கத்திலிருந்தவரிடம் ரகசியம் சொல்வதுபோல, நாலு பேருக்குக் கேட்கும்படி.

அந்தப் பெண் நாத்தனாரைத் தாண்டி அவள் அருகில் வந்தாள். “ஒரு நிமிஷம் தனியா பேசணும், மேடம்.”

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். சாத்தும்போதே கூடத்தில் முணுமுணுப்பு எழுவது கேட்டது. இன்னும் இது ஒன்றுதான் பாக்கி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“சார் போன்ல நான் ‘லேபிள்’னு இருப்பேன்” என்றாள் அந்தப் பெண்.

அந்தப் பெயரை அவள் பார்த்திருக்கிறாள். சாப்பிடும்போதெல்லாம் வரும். கடைக்கு லேபிள் ஒட்டித் தருபவர் யாரோ என்று நினைத்திருந்தாள்.

“பெட்டிக்கு மேல வர்ற அட்டை அச்சடிக்கற பிரஸ்ல இருக்கேன். எழுத்துப் பிழை பாக்கறது என் வேலை. அந்தக் கன்சோலோட அட்டை எங்ககிட்டதான் வந்தது. பின்பக்கம் கீழ, பொடி எழுத்துல போட்டிருந்தது. பழைய டிஸ்க் ஓடாது, தினம் ஒருதடவை நெட்ல சேரணும்னு.”

“அப்ப அவரு எழுதினது?”

“ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. ரெண்டு லட்சம் அட்டை அடிச்சு அடுக்கி வெச்சாச்சு.”

“அப்புறம் ஏன் கம்பெனி இல்லங்குது?”

“கடைக்கு வர்ற வரைக்கும் இல்லன்னுதான் சொல்லுவாங்க போல.” அந்தப் பெண் கோட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கும் இந்த விளையாட்டுன்னா பைத்தியம் மேடம். வீட்ல பழைய டிஸ்க் ஒரு அலமாரி இருக்கு. எங்க பக்கம் நெட் நின்னு நின்னு வரும். அதைப் படிச்சதும் வயிறெரிஞ்சு போச்சு. யார்கிட்டயாவது சொல்லணும்னு சார்கிட்ட சொன்னேன். சொல்லாம வாயை மூடிட்டு இருந்திருந்தா…” உதடு கோணியது. “நேத்து காலைல என்னமா திட்டினாங்க. அதைப் படிச்சுத்தானே சாருக்கு இப்படி ஆச்சு?”

அவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கினாள். அது மேலும் சொட்டியது.

“நான் லேப்ல ரத்தம் எடுக்கறவ” என்றாள். “நாலு மாசத்துக்கு முன்னாடி அவரு கையில நானே ஊசி போட்டு எடுத்தேன். ரிப்போர்ட்ல கொழுப்பு, சர்க்கரை ரெண்டும் எக்கச்சக்கம். டாக்டர்கிட்ட போலாம் போலாம்னு கெஞ்சினேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னே ஓட்டினாரு. இது ஒரு காலைல வந்தது இல்ல. நாலு பேரு திட்டினதால வந்ததும் இல்ல. போதுமா?”

சண்டை போடுவதுபோல இருந்தது அவள் குரல். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“நான் அனுப்பின படம் அந்த போன்லதான் இருக்கு. யாராவது பாத்துட்டா வேலை போயிடும். கேஸும் போடுவாங்க, கையெழுத்து வாங்கியிருக்காங்க. இந்த நேரத்துல இதைக் கேக்கறது தப்புதான்…”

அவள் போனைத் திறந்தாள். ‘லேபிள்’ என்ற பெயரைத் தேடி உள்ளே போனாள். மாதக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் அந்தப் பெண் எழுதியது ‘சார்’, அவன் எழுதியது ‘மேடம்’. படம் இருந்தது. அட்டையின் பின்பக்கம், பொடி எழுத்து. மூலையில் அச்சகத்தின் எண். அதற்குக் கீழே நேற்றுக் காலை பத்து நாற்பதுக்குப் பேசியது.

‘ரொம்பத் திட்டறாங்க சார். படத்தைப் போட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்.’

‘வேண்டாம் மேடம். ஓரத்தில உங்க பிரஸ் நம்பர் தெரியுது. வெட்டிப் போட்டாலும் கண்டுபிடிச்சிடுவான். திட்டினா திட்டிட்டுப் போகட்டும். எனக்கென்ன, நான் லென்ஸ் தேய்க்கிறவன்.’

அதற்குப் பிறகு அந்தப் பெண் அனுப்பியவையெல்லாம் படிக்கப்படாமல் கிடந்தன.

அவள் அந்த வரியை இன்னொருமுறை படித்தாள். படிக்கும்போதே மேலிருந்து ஒன்று இறங்கியது. ‘பொய்யன்.’ பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். இந்தப் படத்தை எடுத்துப் பக்கத்தில் போட அரை நிமிடம் ஆகாது. நாற்பதாயிரம் வாயும் அடைத்துப்போகும். கொழுந்தன் வாயும், அந்த மேனேஜர் வாயும் சேர்ந்து அடைத்துப்போகும். கட்டைவிரல் படத்தின் மேலேயே நின்றது. அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப கடைக்கு வருது அது?”

“ரெண்டு மாசம். அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுடும், சார் சொன்னதுதான் சரின்னு.”

“தெரியும். அதுக்குள்ள அவரு யாருங்கறதையே மறந்திருப்பாங்க.”

அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்றாள். திரும்ப எடுக்க முடியாது, பரவாயில்லையா என்று கேட்டது. எரிச்சலோடு அதற்கும் ஆமாம் என்று அழுத்தினாள்.

வெளியே வந்தபோது கொழுந்தன் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

“முடிஞ்சுதா அண்ணி? போனைக் குடுங்க.”

“மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி. தவறிட்டாருன்னு மட்டும் நான் போட்டுக்கறேன்.”

“ஏன்?”

“அவரு சொன்னது தப்புன்னு யாரு சொன்னா?”

“கம்பெனியே சொல்லுது! உங்களுக்கு என்ன தெரியும் அதப் பத்தி? இத்தனை நாள் அந்த போனைப் பாத்தாலே உங்களுக்கு ஆகாது.”

அது உண்மைதான். அவளுக்குச் சுருக்கென்றது. சமையலறையில் நிற்பவளைக் கைகாட்டி ஒரே வார்த்தையில் இவனை உட்கார வைத்துவிடலாம். சொன்னால் நாளைக்குள் அது அந்தக் கடைக்குப் போகும். கடையிலிருந்து கம்பெனிக்குப் போகும்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அவரு பேர்ல யாரும் மன்னிப்பு கேக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள்.

“அதை விடுங்கடா. அந்தப் பொம்பள யாரு?”

“என் சிநேகிதி. லேபுக்கு ரத்தம் குடுக்க வருவாங்க.”

“சிநேகிதியா? அவ வந்தப்ப நீங்க யாருன்னு நீதானே கேட்ட?”

கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நாத்தனாரின் முகத்தில் வெற்றி ஏதும் இல்லை. தம்பி இப்படியும் செய்திருப்பானா என்ற பயம்தான் இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. அந்தப் பெண்ணைக் கைபிடித்து அழைத்துவந்து தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டாள். பேச்சு அதோடு நின்றது. கூடம் முழுக்க மனதுக்குள் ஆளுக்கொரு கதை ஓடுவது அவளுக்குத் தெரிந்தது.

மூன்று மணிக்கு வண்டி வந்தது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது ஐந்தாகிவிட்டது. அந்தப் பெண் கடைசிவரை பின்வரிசையிலேயே நின்றிருந்தாள். கைப்பையை எடுக்க வீட்டுக்கு வந்து, “நான் கிளம்பறேன் மேடம், ஏழு மணிக்கு மறுபடி ஷிப்ட்” என்றாள்.

“இருங்க, நானும் வர்றேன்.”

“வேண்டாம் மேடம், பாக்கறாங்க.”

“பாக்கட்டும்.”

முகத்தைக்கூடக் கழுவாமல் அவள் அந்தப் பெண்ணோடு படியிறங்கினாள். ஜன்னலில் யார் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. தெருவைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தம்வரை இருவரும் நடந்தார்கள். நிழற்குடையின் பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

பஸ் வருவதாகக் காணோம். எதிரில் ஒரு லாரி சந்துக்குள் பின்னாலேயே போக முயன்று, முடியாமல், முன்னால் வந்து, மறுபடி முயன்றது.

“நீங்க போங்க மேடம். வீட்ல தேடுவாங்க.”

“வரட்டும் பஸ்.”

கையில் பெரிய கட்டைப்பையோடு ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். “ஏழாம் நம்பர் போயிடுச்சாம்மா?”

“இன்னும் இல்ல” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சைப் பார்த்தார். அவருக்கு இடம் விட்டு இருவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.