ரத்தினசாமியின் காதில் விழுந்த ரெண்டு

1

இந்தக் கதை தப்பாகக் கேட்ட ஒரு வார்த்தையிலிருந்து பிறந்தது. தப்பாகக் கேட்டவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லி நான் அசடு வழிய வேண்டாம் பாருங்கள்.

என் அப்பா ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிறவர். வீட்டில் எதற்கும் ரகம்தான். சந்தையிலிருந்து வந்த கத்தரிக்காய் மூணாம் ரகம், பெரியப்பா வீட்டு மாப்பிள்ளை ரெண்டாம் ரகம். அப்படி வளர்ந்த காது. ஒரு டாக்டர் என் சித்தியின் மார்புக் கட்டியைப் பற்றி "ரெண்டாவது ஸ்டேஜ்" என்று சொன்னபோது அந்தக் காது ஒரு நொடி நிம்மதி அடைந்தது. ரெண்டுதானே, பரவாயில்லையே என்று. ஒரே ஒரு நொடிதான். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

வெட்கத்தைச் சுமக்க வேறு ஆள் தேடினேன். 1926இல் ஒருவன் அகப்பட்டான். அவனால் மறுக்க முடியாது, நான் உண்டாக்கியவன்.

2

"1926ஆம் வருஷம், ஐப்பசி மாசம், ஆம்பூரில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு—"

(வேண்டாம். மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. நோயைப் பற்றிச் சொல்லப் போகிறவன் முதலில் மழையைத்தான் கூப்பிடுவான். நீங்களும் உஷாராகிவிடுவீர்கள்.)

"தோல் மண்டியின் நாற்றம் ரயிலடியிலேயே மூக்கைப் பிடித்து—"

(இதுவும் வேண்டாம். நாற்றமெல்லாம் வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவனுக்கு. அங்கேயே கூலி வாங்குகிறவனுக்கு அது வெறும் காற்று.)

"சம்பூர்ணம் பொய் சொன்னாள்."

இது நிற்கும் போலிருக்கிறது.

3

சம்பூர்ணம் பொய் சொன்னாள். வேலூர் போய்விட்டு வந்தவளிடம், எங்கே போயிருந்தாய் என்று புருஷன் ரத்தினசாமி கேட்டான். கோட்டைக் கோயிலுக்கு என்றாள்.

அவள் பொய் சொன்ன ஆள் அப்படிப்பட்டவன், அதுதான் கஷ்டம். ரத்தினசாமி அதாவுல்லா சாயபுவின் மண்டியில் தோலைப் பார்த்து ரகம் பிரிக்கிறவன். எவனையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவனுக்குக் கூலி. ஓட்டையில் மெழுகு வைத்து அடைப்பான் ஒருத்தன், எண்ணெய் தடவி மினுக்குவான் இன்னொருத்தன். ரத்தினசாமி தோலை விரித்து உள்ளங்கையால் ஒரு முறை தடவினால் போதும், உண்ணி கடித்த தழும்பிலிருந்து மாட்டை ஓட்டுகிற தார்க்குச்சி குத்தின வடு வரைக்கும் சொல்லிவிடுவான். முதல், ரெண்டு, மூணு, கழிவு. அவன் சொன்னது சொன்னதுதான், சாயபுவே மாற்ற மாட்டார்.

"கோட்டக் கோயில்ல சாமியே இல்லியே," என்றான் அவன். "பூசையே நடக்காத கோயில்ல யாரைக் கும்புட்ட?"

(அடிக்குறிப்பு போல ஒன்று: அந்தக் காலத்தில் வேலூர்க் கோட்டைக் கோயிலில் மூலவர் கிடையாது. அது ஊருக்கே தெரியும். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.)

சம்பூர்ணம் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவனுக்கு ஆடி மாசத்திலிருந்தே மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் படுக்கிறவள் வலது பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். குளிக்கும்போதும் ரவிக்கையைக் கழற்றுவதில்லை. தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற கொட்டகையில் உலக்கையை ஒற்றைக் கையால் போடுகிறாள் என்று மேஸ்திரி வந்து குறை சொன்னான். பக்கத்து வீட்டு ஹலீமா பீயோடு குசுகுசு பேச்சு வேறு. பேறுகாலம் பார்க்கிற ஹலீமா பீக்கு இவளிடம் என்ன வேலை? பிள்ளைப்பேறெல்லாம் முடிந்து நாலு வருஷமாகிறது.

அவன் என்ன நினைத்தான் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. புருஷன்மார் நினைப்பதைத்தான் நினைத்தான். யாரவன் என்று மனசுக்குள் மண்டி ஆட்களை ஒவ்வொருவனாக விரித்துப் பார்த்துவிட்டான்.

4

அடுத்த வெள்ளிக்கிழமை மண்டி விடுமுறை. மகள்கள் இருவரும் விளையாடப் போயிருந்தார்கள். பட்டப்பகலில் கதவைச் சாத்திவிட்டு, "வெளிய சொல்லு. எவன்?" என்றான்.

(இந்த இடத்தில் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அவளை அழவிட்டேன். அவள் அழுகிறவள் இல்லை என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்றையும் அடித்துவிட்டேன்.)

சம்பூர்ணம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ரவிக்கை முடிச்சை அவிழ்த்து, அவன் வலது கையைப் பிடித்து இடது மார்பின் மேல் வைத்தாள்.

"இவன்தான்," என்றாள்.

காம்புக்கு மேலே, வெளிப்பக்கமாக, கடுக்காய் அளவில் ஒன்று. கடுக்காய் மாதிரியே கெட்டி. அதன் மேலே தோல் உள்ளுக்கு இழுத்துக்கொண்டு ஒரு சின்னக் குழி. ரத்தினசாமி விரல் நுனியால் கிள்ளிப் பார்க்கவில்லை, பழக்கதோஷம், உள்ளங்கையை விரித்துத் தடவினான். தோல் கட்டியை விட்டு நகரவில்லை.

"துரசாணி டாக்டரும் இப்டித்தான் பாத்தாங்க, கைய விரிச்சி," என்றாள். "ஹலீமா பீதான் வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா. எங்கயோ பாத்திருக்காளாம் இது மாதிரி. நீ வராம ஒண்ணும் முடிவா சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

"வலிக்குதா?"

"வலிச்சிருந்தா அன்னிக்கே உங்கிட்ட சொல்லியிருக்க மாட்டேனா? வலிக்கல. அதான் பேஜாரா கீது."

அவன் கையை எடுக்கவில்லை. பயமும் வெட்கமும் ஒன்றாக வந்து அவனைப் பிடித்துக்கொண்டன. ஆனால் எவனும் இல்லை என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

5

செவ்வாய்க்கிழமை காட்பாடி வரை ரயில், அங்கிருந்து வேலூருக்கு ஜட்கா வண்டி. பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆம்பளைகளை வராந்தாவோடு நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே நடந்ததை ரத்தினசாமி பார்க்கவில்லை, நான் சொல்கிறேன். டாக்டரம்மா சம்பூர்ணத்தை இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொன்னாள், இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொன்னாள். நெஞ்சுச் சதை இறுகும்போது கட்டி அதோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள். மாட்டவில்லை, நகர்ந்தது. பிறகு அக்குளில் கையை விட்டுத் தேடினாள். அங்கே ஒரு நெறி, மொச்சைக்கொட்டை அளவு. அதுவும் நகர்ந்தது. நர்ஸ் ஞானசுந்தரி சம்பூர்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "கட்டி மட்டும் இருந்தா ஒண்ணு. தோலப் புடிச்சி அக்குளுக்கும் வந்துட்டா ரெண்டு. நெஞ்சோட ஒட்டிக்கிச்சின்னா மூணு. மூணுல கத்தி வைக்க மாட்டாங்கம்மா, பிரயோஜனமில்ல."

"மூணுக்கு அப்பறம்?"

"மூணுக்கு அப்பறம் எண்ணு இல்ல."

வராந்தாவுக்கு வந்தபோது ஞானசுந்தரிக்கு வேறு அவசரம். ரத்தினசாமிக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: "புத்துநோய். ரெண்டாவதுல இருக்கு. மார எடுக்கணும். நீங்க கைநாட்டு வைக்கணும்."

ரெண்டு!

அவனுக்கு மூச்சு வந்தது. ரெண்டாம் ரகத்தில் இன்ன குறை என்று எவனும் மூக்கைச் சிந்துவதில்லை. பட்டணத்துப் பெரியமேட்டுத் தோல் ஏலத்தில் போகும், சீமைக்குக் கப்பல் ஏறும். சரி, ரெண்டு என்று இவர்களே சொல்லிவிட்டு எதற்கு முழுசாக அறுக்கப் பார்க்கிறார்கள்? இங்கேதான் அவன் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. நல்ல சரக்கை மட்டம் தட்டுகிறவனுக்கு அந்தச் சரக்கின் மேல் கண் இருக்கும். கத்தி பழகுகிறார்களோ? மிஷன் ஆஸ்பத்திரியாச்சே, மயக்கத்தில் போட்டு வேதத்தில் சேர்ப்பார்களோ? சிரித்துக்கொண்டே பேசுகிற அந்த நர்ஸை அவனுக்குப் பிடிக்கவில்லை.

"பொங்கல் கழியட்டும்," என்று சொல்லிவிட்டு சம்பூர்ணத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

(இவன் இவ்வளவு முட்டாளா என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். முட்டாளைப் படைப்பது சுலபம், நான் அதைச் செய்யவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றை அளந்தான். அவன் காதில் ரெண்டு என்றால் முப்பது வருஷமாக ஒரே அர்த்தம்தான்.)

6

நாற்பது நாள் போயிற்று. இந்த நாற்பது நாளைக் கொடுத்தவன் நான். நாலு நாள் என்று எழுதியிருக்கலாம். கதைக்கு அழுத்தம் வேண்டும் என்று பேராசைப்பட்டேன்.

அந்த நாற்பது நாளும் சம்பூர்ணமும் அவனைச் சந்தேகப்பட்டாள். எல்லாம் தெரிந்தும் இவன் ஏன் சும்மா இருக்கிறான்? நன்றாகச் சாப்பிடுகிறான், சீட்டி அடிக்கிறான். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஒத்த மார் பொண்டாட்டி வேணாம்னு பாக்கறியா? நான் போனா இன்னொருத்தியக் கொண்டாந்துக்கலாம்னு இருக்கியா? சொல்லிடுய்யா."

ரத்தினசாமி சோற்றுக் கையோடு அசந்துபோனான். "இன்னாடி பேசற? ரெண்டுன்னுதானே சொன்னாங்க. ரெண்டாம் ரகத்துக்கு எவனாச்சும் இப்டிப் பயப்படுவானா?"

சம்பூர்ணத்துக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணிலும் தண்ணி வந்தது. இத்தனை நாள் அவனை வைததற்கெல்லாம் அவளுக்கு மனசு சுட்டது.

"யோவ்," என்றாள். "நீ ரகம் பிரிக்கிறது செத்த மாட்டுத் தோலு. இன்னிக்கு ரெண்டுன்னா என்னிக்கும் ரெண்டுதான், மூட்டை கட்டி வச்சாலும் மாறாது. இது உசுரோட கீது. அக்குளு வரைக்கும் வந்துடுச்சி, நடந்துக்கினே கீது. நாளைக்கு மூணாவும். மூணானா கத்தி வைக்க மாட்டாங்களாம்."

"அப்பறம்?"

"அப்பறம் எண்ணே இல்லியாம்."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, கேட்காமலேயே அவள் அக்குளில் கையை வைத்தான். நெறி இருந்தது. நகர்ந்தது. அன்றைக்கு நகர்ந்த அளவு இன்றைக்கு நகர்கிறதா? அன்றைக்கு அங்கே அவன் தொட்டுப் பார்க்கவே இல்லையே! வாழ்நாளில் முதல் தடவையாக ரத்தினசாமிக்குத் தன் உள்ளங்கை மேலேயே சந்தேகம் வந்தது.

7

மறுநாள் காலை ரயிலிலேயே கிளம்பினார்கள். டாக்டரம்மா மறுபடி பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டுதான் என்று நினைக்கிறேன் என்றாள். நினைக்கிறேன் என்ற சொல்லை ரத்தினசாமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

இந்தத் தடவை ஞானசுந்தரி வராந்தாவில் அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குளோரோபாம் கொடுத்துத் தூங்கவைப்பார்கள். மார் முழுக்க, அதன் அடியிலிருக்கும் சதை, அக்குளிலிருக்கும் நெறிகள், எல்லாம் ஒன்றாக எடுப்பார்கள். ஒரு துளி உள்ளே நின்றாலும் திரும்ப முளைக்கும். கை தூக்கச் சிரமமாக இருக்கும், வீங்கவும் செய்யும். ரேடியம் என்று ஒரு வைத்தியம் இருக்கிறது, அது இங்கே இல்லை. எடுத்த துண்டைப் பட்டணத்துக்கு அனுப்பி பூதக்கண்ணாடியில் பார்த்து, புத்துதான் என்று உறுதி பண்ணுவார்கள்.

"இருங்க, இருங்க," என்றான் ரத்தினசாமி. "அறுத்தப்பறம்தான் உறுதியா தெரியுமா?"

"ஆமா."

"பொழச்சிக்குவாளா?"

"இந்த ரெண்டாவதுல அஞ்சு வருசம் தாண்டுறவங்க பத்துல மூணு பேருன்னு அம்மா சொல்றாங்க. நான் பொய் சொல்ல மாட்டேங்க."

"அறுக்கலன்னா?"

ஞானசுந்தரி சம்பூர்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

ரத்தினசாமி தலையைப் பிடித்துக்கொண்டான். பத்தில் மூணு என்று ஒரு வியாபாரி சொல்லியிருந்தால் அவனை மண்டி வாசலைவிட்டே விரட்டியிருப்பான். ஆனால் ஏமாற்றுகிறவன் பத்தில் ஒன்பது என்றல்லவா சொல்வான்? மூணு என்கிறவள் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அல்லது அப்படி நினைக்க வைப்பதுதான் தந்திரமா? இந்தச் சுழலிலிருந்து அவனை வெளியே எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. சம்பூர்ணத்துக்குத் தெரிந்தது.

"நீ யாரையும் நம்ப வேணாம்யா," என்றாள். "கைய மட்டும் வெய்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவதில் கைநாட்டு வைக்கிறான். சம்பூர்ணம் பிழைத்து, பெண்களுக்குக் கல்யாணம் பண்ணி, தலை நரைத்து— (படிக்க இதமாகத்தான் இருந்தது. என் சித்திக்காக எழுதிய முடிவு இது என்று பட்டது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவதில் எழுந்து போய்விடுகிறான். ரயிலடியில் அவன் தனியாக— (என் ஒரு நொடிக்கு அவனுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? அடித்துவிட்டேன்.)

மூன்றாவதில் ஹலீமா பீ வந்து, "ரேகையைப் பாத்து ஆம்பளையா பொம்பளையான்னு எந்த டாக்டரு சொல்றா?" என்று தன் கட்டைவிரலையே அழுத்திவிடுகிறாள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ரத்தினசாமி சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறான், கூடவே நானும்.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. இருப்பது இவ்வளவுதான். சம்பூர்ணம் உள்ளே மேசை மேல் படுத்தாயிற்று. ஞானசுந்தரி மைப்பெட்டியையும் காகிதத்தையும் நீட்டிக்கொண்டிருக்கிறாள். ரத்தினசாமியின் இடது கட்டைவிரல் மையைத் தொட்டு, காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது நான்தான். இதற்குமேல் என்னால் முடியாது, விடப்போகிறேன்.

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்துவதோ இழுப்பதோ உங்கள் பாடு. யோசிக்க அவகாசம் மட்டும் கேட்காதீர்கள். நாற்பது நாளை நானும் அவனும் ஏற்கெனவே தின்றுவிட்டோம்.