ஆயிரத்தொரு மாடுகள்

"இன்னும் ரெண்டு சொட்டு விடு பிள்ளை. ரெண்டே ரெண்டு சொட்டு."

காரின் திறந்த பொனெற்றுக்குள் தலையை விட்டபடி யோகலிங்கம் சொன்னார். மகள் வசுமதி சூப்பிப் போத்தலைக் கவிழ்த்து அமத்தினாள். குழந்தைகள் பால் குடிக்கிற போத்தல்தான். வன்னிக்குள் பெற்றோல் வராமற்போன நாளிலிருந்து அது கார்களுக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. ஓடுவதெல்லாம் மண்ணெண்ணெயில். ஆனால் காபரேற்றரின் வாயில் முதலில் கொஞ்சம் பெற்றோல் விழாவிட்டால் எந்த எஞ்சினும் கண் திறக்காது. போத்தலின் கடைசிச் சொட்டும் விழுந்தது.

"தள்ளுங்கோ!"

பக்கத்துக் கொட்டில் வீரகத்தியும் இன்னும் இரண்டு பேரும் மழைச் சேற்றில் கால் வழுக்க வழுக்கத் தள்ளினார்கள். கார் இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, பிடித்துக்கொண்டது. வசுமதி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, சீற்றில் கிடந்த அம்மாவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தலை அடுப்புக்கல்லாய்க் கொதித்தது.

வீரகத்தி சன்னலுக்குள் குனிந்தார். "என்ர போத்தலிலயும் இனி இல்லை, யோகு. இருந்ததை உனக்குத்தான் ஊத்தினது. வழியில நிப்பாட்டிப் போடாத."

"தெரியும் அண்ணை. இனி இது நிண்டா நிண்டதுதான்."

அந்த மாரியில் மலேரியா வராத கொட்டில் விசுவமடுவில் இல்லை. கிளிநொச்சியை விட்டு ஓடிவந்து காட்டு விளிம்பில் குடியிருந்த சனம், ஒருவர் மாறி ஒருவராய் நடுங்கியது. யோகலிங்கத்தின் மனைவி கமலாசனிக்கும் அப்படித்தான் வந்தது. கசப்பு மருந்தைக் குடித்தாள், வேர்த்தாள், எழும்பி உலை வைத்தாள். பிறகு காய்ச்சல் திரும்பி வந்து தலைக்குள் ஏறிக்கொண்டது. அன்று விடியக் கை கால் இழுத்தது. மருந்து கொடுக்கிற பெடியன் அவளுடைய கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனி இஞ்ச வைச்சிருக்காதேங்கோ. புதுக்குடியிருப்புக்குக் கொண்டு போங்கோ" என்றான்.

புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கு நல்ல காலத்தில் வெற்றிலை போட்ட வாய் சிவக்குமுன் போய்விடலாம். இப்போது றோட்டு என்று சொல்லக் கிடந்தது குழிகளும், அவற்றுக்கு நடுவே கொஞ்சம் தாருந்தான். யோகலிங்கம் ஒவ்வொரு குழியையும் சுற்றி, காலை அக்சிலேற்றரிலிருந்து எடுக்காமல் ஓட்டினார்.

அந்தக் காரின் கதையைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. கிளிநொச்சிக் கார் ஸ்ராண்டில் நின்றவை எல்லாம் ஒஸ்ரின் கேம்பிறிச்சும் மொறிஸ் மைனரும். வெள்ளைக்காரன் விட்டுப்போன கிழடுகள் என்றாலும் மரியாதை குறையாத கிழடுகள். அவற்றுக்கு நடுவே ஒருநாள் யோகலிங்கம் ஹியுண்டாய் போனி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். கொழும்பில் ஒரு வெளிநாட்டுக் கொம்பனி வேலை முடித்துப் போகும்போது ஏலத்தில் விட்ட கார். காசு போதாமல், கமலாசனி சீதனமாகக் கொண்டுவந்த செவலைப் பசுவையும் கன்றையும் விற்றுத்தான் வாங்கினார்.

ஸ்ராண்டே கூடிச் சிரித்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா?

"கொரியாக்காரன் கார் செய்யிறானோ? இனி நெடுந்தீவான் ஏரோபிளேன் செய்வான்" என்றார் வீரகத்தி. அவரிடம் நின்றது கேம்பிறிச். "எஞ்சின் யப்பான்காரன்ர. வடிவம் இத்தாலிக்காரன் கீறினது. அப்ப இதில கொரியாக்காரன்ர எண்டு என்ன கிடக்கு?"

"துணிவு, அண்ணை."

அதன் பிறகு யோகலிங்கம் தன் கதையைத் தொடங்குவார். கொழும்பில் ஏலத்துக்கு வந்த மெக்கானிக் ஒருவன் சொன்ன கதை, இவர் வாயில் வருசத்துக்கு வருசம் கொழுத்தது. கொம்பனி தொடங்கினவன் ஒரு கமக்காரனுடைய பிள்ளை. தகப்பன் மாடு விற்ற காசைக் களவெடுத்துக்கொண்டு பட்டணம் ஓடினவன். மற்றவர்களின் கார் திருத்துகிற கராச் போட்டான், அது எரிந்தது. திரும்பவும் போட்டான். சண்டை வந்து நாடு இரண்டாகப் பிளந்தது. அவன் பிறந்த ஊர் எல்லைக் கம்பிக்கு அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம். சாம்பலிலிருந்து எழும்பித்தான் சொந்தக் கார் செய்தார்கள். "நாங்களும் ஒருநாள் செய்வம்" என்று முடிப்பார்.

வீட்டில் இதைச் சொன்னால் குசினிக்குள் இருந்து கமலாசனியின் குரல் வரும். "அவனும் மாடு வித்துக் கார், நீங்களும் மாடு வித்துக் கார். அவன் கொம்பனி வைச்சிட்டான். என்ர செவலை எப்ப வரும்?"

"வரும், வரும்."

செவலை வரவில்லை. ஆனால் கார் ஓடியது. பிள்ளைப்பேற்றுக்காரிகளை, பாம்பு கடித்தவர்களை, கலியாண மாப்பிள்ளைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஓடியது. அந்தச் சாதிக் கார் வேறொன்று வன்னியில் இல்லாததால் கழற்றிப் பூட்ட ஒரு நட்டுக்கூடக் கிடைக்காது. யோகலிங்கம் செருப்பு ரப்பரிலும் பிஸ்கற் ரின்னிலும் வெட்டிப் பூட்டி ஓட்டினார். கிளிநொச்சியை விட்டு ஓடிய நாளில் கேம்பிறிச் பாதி வழியில் படுத்துவிட, வீரகத்தி குடும்பத்தோடு கொரியாக் காரில்தான் ஏறி வந்தார். வழி முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. அதை நினைத்து நினைத்துச் சிரித்தவள் கமலாசனிதான்.

இப்போது அவள் கண்ணைத் திறந்தாள். "எங்க போறம்?"

"ஆஸ்பத்திரிக்கு அம்மா" என்றாள் வசுமதி.

"இதிலயோ? நடுறோட்டில விடப்போகுது."

முன்னுக்கிருந்து யோகலிங்கம் சிரித்தார். மனைவி பகிடி விட்டால் காய்ச்சல் இறங்குகிறது என்று அவருக்கு ஒரு கணக்கு. "கமலம், உனக்கொரு புதினம் சொல்ல மறந்துபோனன். சைக்கிளைக் கவிட்டுப் போட்டு டைனமோ சுத்தி றேடியோவில லண்டன் செய்தி கேட்டனாங்களெல்லே. எங்கட கொரியாக்காரன்ர கதை வந்தது."

"எந்தக் கொரியாக்காரன்?"

"மாட்டுக் காசு களவெடுத்தவன். இப்ப கிழவனாப் போனான். ஆயிரத்தொரு மாட்டை லொறி லொறியா ஏத்தி, கம்பிக்கு அங்கால தன்ர ஊருக்குக் கொண்டு போய்க் குடுத்திருக்கிறான். எடுத்த ஒரு மாட்டுக்கு ஆயிரம் மாடு வட்டி!"

கமலாசனி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கம்பியைத் திறந்து விட்டவங்களோ?"

"ஓம். மாட்டுக்குத் திறந்தவங்கள்."

வவுனியாவில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது, டொக்டர்மார் இருந்தார்கள், மருந்து இருந்தது. நடுவில் ஆமியின் கம்பியும் இருந்தது.

"அப்ப எனக்கு எத்தினை?" என்றாள் கமலாசனி. சொண்டுகள் காய்ந்து வெடித்திருந்தன.

"உனக்கு ரெண்டு. பசுவும் கண்டும்."

"வட்டி?"

யோகலிங்கம் பெரிதாகச் சிரித்தார். "வட்டியோ? பொறு, சொல்லுறன். முதல்ல கிளிநொச்சிக்குத் திரும்பிப் போவம். கிணத்தடிப் பக்கம் பட்டி போடுவம். கூரைக்குத் தகரம் வேண்டாம், வெக்கை. ஓலைதான். ஒரு செவலை, ஒரு வெள்ளை, நெத்தியில பொட்டு வைச்சதொண்டு..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். உடையார்கட்டுக்குக் கிட்ட, அம்மாவின் விரல்கள் தன் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்ததை வசுமதி உணர்ந்தாள். நித்திரையாக்கும் என்று நினைத்தாள். பிறகு மடியில் தலை பாரமாகியது. குனிந்து மூக்கடியில் விரலை வைத்தாள். நெஞ்சில் கையை வைத்தாள். காரின் நடுக்கம்தான் கைக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அப்பா என்று கத்த வாய் திறந்தாள். கத்தினால் அப்பா காரை நிறுத்துவார். நின்றால் நின்றதுதான். இரண்டு பக்கமும் காடு, வானம் இருட்டிக் கிடக்கிறது, அம்மாவை இந்தச் சேற்றில் வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது? அம்மா பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், நடுறோட்டுக்கு. அந்தப் பயம் பலிக்கக் கூடாது என்று வசுமதிக்குப் பட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவின் கண்களை மூடி விட்டாள்.

அப்போது அப்பாவின் கை மேலே போய், முன்னுக்குத் தொங்கிய, பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைத் தொட்டது. நீராவிப் புகார் படிந்ததைத் துடைக்கிறார் என்று அவள் நினைத்தாள். கொஞ்சத் தூரம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, "கமலம், கேக்குதே?" என்றார்.

வசுமதி அம்மாவின் நெற்றியைத் தடவினாள். "கேக்கிறா அப்பா. சொல்லுங்கோ."

"என்னத்தில விட்டனான்?"

"நெத்தியில பொட்டு வைச்சதொண்டு."

"ஓம். அது... அது கொஞ்சம் உதைக்கும். கொம்மா கறந்தா மட்டும் நிக்கும்."

கைவேலிக்கு முன்னால் வெள்ளம் றோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு பாய்ந்தது. யோகலிங்கம் முதலாம் கியரில் போட்டு இறங்கினார். தண்ணீர் கதவு விளிம்பைத் தொட்டது. நடுவில் எஞ்சின் இருமியது, விக்கியது, ஒருமுறை மூச்சே போன மாதிரி அடங்கியது. வசுமதி அம்மாவின் தலையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, புதூர் நாகதம்பிரானே நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று வேண்டினாள். வேண்டுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. கார் தன் பாட்டில் ஒரு உதறு உதறி மற்றக் கரையில் ஏறியது.

"பாத்தியே கமலம்?" என்றார் யோகலிங்கம். குரல் உடைந்திருந்தது.

"அம்மா சிரிக்கிறா" என்றாள் வசுமதி.

ஆஸ்பத்திரி வாசலில் வேலையாள் ஒருவர் ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். பார்த்ததும் அவர் அவசரம் நின்றுபோயிற்று. டொக்டர் குடையோடு காரடிக்கே வந்தார். குனிந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு வசுமதியின் தோளைத் தொட்டார். "முதலே முடிஞ்சுதம்மா. கொண்டுபோய் ஆகவேண்டியதைப் பாருங்கோ."

யோகலிங்கம் இறங்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. கால் அக்சிலேற்றரில் இருந்தது.

"ஐயா, எஞ்சினை நிப்பாட்டுங்கோவன்" என்றார் வேலையாள்.

"நிப்பாட்டேலாது தம்பி."

அப்போதுதான் வசுமதி நிமிர்ந்து பார்த்தாள். முன்னுக்கிருந்த கண்ணாடி கூரையைப் பார்த்தபடி திருப்பிவிடப்பட்டிருந்தது. உடையார்கட்டிலிருந்து இவ்வளவு தூரமும் அவர் மாட்டுக் கதை சொன்னது யாருக்கு என்று அவளுக்கு விளங்கியது. முன்சீற்றின் மேலால் கையை நீட்டி அப்பாவின் முதுகில் வைத்தாள். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் காரைத் திருப்பினார்.

திரும்பி வரும்போதும் அவர் காலை அக்சிலேற்றரிலிருந்து எடுக்கவில்லை.

விசுவமடுவில் சத்தத்தைக் கேட்டே சனம் கொட்டில்களிலிருந்து வெளியே வந்தது. ஆண்கள் கமலாசனியைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். யாரோ விளக்கு ஏற்றினார்கள், யாரோ கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். யோகலிங்கம் வாசலில் ஒரு கதிரையில் இருந்தார். பாலை மரத்தடியில் கார் ஓடிக்கொண்டே நின்றது.

"ஆராவது அதை நிப்பாட்டுங்கோ. மண்ணெண்ணெய் வீணாப் போகுது" என்று ஒருவர் எழும்பினார்.

வீரகத்தி அவருடைய கையைப் பிடித்து இருத்தினார். "அது ஓடட்டும்."

ஒப்பாரிக்குக் கீழே ஒரு சுருதி மாதிரி எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. அம்மாவின் தலைமாட்டில் இருந்த வசுமதிக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு இரைச்சல் மாறியது. ஒருமுறை இருமி, திரும்ப எழும்பி, மெல்ல மெல்லக் குறைந்து அடங்கிப்போயிற்று. அழுதுகொண்டிருந்தவர்கள் ஏன் என்று தெரியாமல் ஒரு கணம் நிறுத்தினார்கள். ஓலைக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது கேட்டது.

யோகலிங்கம் கதிரையை விட்டு எழும்பினார். போய், காரின் முன்கதவைத் திறந்து, தன் இடத்தில் இருந்தார். கையை உயர்த்திக் கண்ணாடியைக் கீழே இறக்கி, பின்சீற்று தெரிகிற மாதிரிச் சரிசெய்தார்.