மாப்பிள்ளை விசாரித்த பல்வலி

புருஷனிடம் அடிபட்டது போதும் என்று என் மகள் வேறு ஊருக்கு ஓடிப்போனாள். எந்த ஊர் என்று எனக்கே தெரியாது. என் வாய் ஓட்டைவாய், சொல்லாதே என்று நான்தான் சொன்னேன். கைபேசியில் மெசேஜ் மட்டும் போட்டுக்கொள்வோம். அதற்குப் பூட்டு இருக்கிறது, நம் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கா படிக்க முடியாது என்று சொல்லி அவள்தான் வைத்துக்கொடுத்திருந்தாள்.

பிறகு சட்டம் வந்தது. கெட்டவர்களைப் பிடிக்க, எல்லாப் பூட்டுக்கும் சர்க்காரிடம் ஒரு மாற்றுச்சாவி இருக்க வேண்டுமாம். "நல்லதுதானே, நமக்கென்ன ஒளிவு மறைவு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நானும் ஆமாம் போட்டேன், மண்டு. சாவியை வைத்துக்கொண்டு உட்கார ஆள் எடுப்பார்கள், அதில் ஒருவன் என் மாப்பிள்ளையாக இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

ஒருநாள் சாயங்காலம் வந்தான். நான் தையல் மெஷினில் ஒரு பேண்ட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மகா மரியாதையாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"புது வேலை கிடைச்சிருக்கு அத்தை. மெசேஜ் எல்லாம் சரிபார்க்கிற ஆபீஸ்ல."

"சந்தோஷம்."

"அவளுக்குப் பல்வலி எப்படி இருக்கு? வீக்கம் வடிஞ்சுதா?"

பல்வலியை அன்று காலையில்தான் எழுதியிருந்தாள், எனக்கு மட்டும். எனக்குத் தெரியட்டும் என்றேதான் கேட்டான். பயமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். நூல் அறுந்து, துணியில் வெறும் ஓட்டையாக விழுந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"எந்த டாக்டர்கிட்ட போறாள்னு கேளுங்க அத்தை. வலியோட இருக்கக் கூடாது, பாவம்."

"கேக்கறேன்."

தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். கை அதுபாட்டுக்குக் கொடுத்தது.

அவன் போனதும் கைபேசியை எடுத்தேன். அவளுக்குச் சொல்ல எனக்கு வேறு வழி கிடையாது. இதையும் அவன் படிப்பான். படிக்கட்டும், கட்டையில் போறவன்.

"உன் புருஷன் நம்ம மெசேஜ் எல்லாம் படிக்கிறான். இப்பவே இடத்தை மாத்து. எங்கேன்னு சொல்லாதே. இனிமே எனக்கு எழுதவே எழுதாதே."

படித்துவிட்டாள் என்று நீலக்கோடு வந்தது.

சின்ன வயதில் படி என்றால் தூங்குவாள், தூங்கு என்றால் படிப்பாள். அவனைக் கட்டிக்கொள்ளாதே என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன், அதையும் கேட்கவில்லை. இதை மட்டும் ஒரே வார்த்தையில் கேட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு எழுத்து வரவில்லை.