சிவப்புத் துணி கட்டிய செடிகள்

போன வருஷம் குளவி கொட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்ததிலிருந்து திலகத்துக்குத் தேயிலைக்காடு என்றாலே பயம். மஞ்சள் கோடு போட்ட பூச்சி ஒன்று கண்ணில் பட்டால் போதும், செடியில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். துணி கட்டிய செடியை யாரும் தொடக்கூடாது. கூட்டைத் தேடிக் கொளுத்திய பிறகுதான் கொழுந்து வெட்டலாம். அவள் கட்டிய துணிக்கோ ஒரு கூடும் அகப்படவில்லை. கங்காணி ஏசாமல் விட்டதே பெரிய புண்ணியம். எத்தனை நாளைக்கு விடுவார்? மாசக் கடைசியோடு வேலையை விட்டு, மலையடிவாரத்து ஊரான தாப்பாவில் மகள் வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு கட்டியிருந்தாள். பிறந்து வளர்ந்த மலையை விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும்?

அன்று காலை, துணி கட்டிய செடியருகே வலையோடு நின்றாள் பூவிழி. பூச்சிகளை வகை பிரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பெண். கண்ணாடிக் குப்பியை நீட்டினாள்.

“இது குளவி இல்லக்கா, ஈ. குளவிக்கு நாலு றெக்க, மீச நீளம். இதுக்கு ரெண்டே றெக்க, மீச துளியூண்டு. கொட்டாது லா. பறவைக்குப் பயந்து குளவி வேஷம் போட்டுத் திரியுது.”

இன்னொரு குப்பியையும் காட்டினாள். “இதுவும் ஈதான், ஆனா வேற இனம். மஞ்சப் பட்டைக்கு நடுவுல மெல்லிசா கறுப்புக் கோடு ஓடுது பாருங்க.”

திலகம் குப்பியில் மூக்கு உரசப் பார்த்தாள். இந்தப் பொடிப்பயலுக்கா பயந்து செத்தோம் என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

“நீங்க துணி கட்டுனதுல எல்லாம் இந்த ரெண்டு ஈதான்க்கா. அது தெரிஞ்சுதான் பக்கத்து நெரை அக்கா சாயங்காலம் வந்து வெட்டிட்டுப் போறாங்கபோல. ஆனா எதுக்குக் கையில துண்டச் சுத்திக்கிறாங்கன்னுதான் தெரியல.”

பக்கத்து நிரையில் கொழுந்து வெட்டுகிறவள் அம்சவல்லி. திலகம் அவளிடம் விழுந்தடித்து ஓடினாள்.

“குளவின்னு நெனச்சுத்தானே கைய விட்ட?”

“கொழுந்து முத்திப்போனா கங்காணி ஒன்னத்தானே ஏசுவாரு.”

“கொட்டியிருந்தா?”

“நீ பொழச்சு வரலையா?”

“அது ஈயாம்டி. கொட்டவே கொட்டாதாம்.”

அம்சவல்லி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தாள். “ஒவ்வொரு தடவையும் சாமிய வேண்டிக்கிட்டுத்தான்டி கைய விட்டேன்,” என்றாள். அவளுக்கும் இவ்வளவு பயம் இருந்தது என்று திலகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

திலகம் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஈக்குத் தெரியாவிட்டாலும் அதற்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

“நான் தாப்பாவுக்குப் போகலடி,” என்றாள்.