நாலரை மணித் தண்ணீர்

எங்கள் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் தினமும் காலை நாலரை மணிக்குத் தண்ணீர் அரைச் சாண் இறங்கியது. ஏன் இறங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்தத் தொட்டியை இருபத்தொன்பது வருஷமாகக் கவனித்துவரும் மேற்பார்வையாளன் நான்தான். அதனால் வேறு யாரிடமும் போய்க் கேட்கவும் முடியவில்லை.

தொட்டி எப்படிப் பேசும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் கம்பி கீழே பம்பு அறையில் ஒரு பேனாவோடு சேர்கிறது. பேனாவின் எதிரே ஓர் உருளை, அதைச் சுற்றிக் கட்டம் போட்ட தாள். உருளை ஒரு நாளைக்கு ஒரு சுற்றுச் சுற்றும். தண்ணீர் இறங்கினால் கோடு இறங்கும், ஏறினால் ஏறும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கோட்டை வைத்து, ஊர் எப்போது பல் தேய்க்கிறது, எப்போது துவைக்கிறது, எந்த வாரம் பள்ளிக்கூடம் லீவு என்றெல்லாம் சொல்லிவிடலாம். ஆறரைக்குப் பெரிய சரிவு, அது குளியல். பத்துக்கு நடுத்தரமாக ஒன்று, அது துவையல். ஆனால் நாலரைக்கும் ஐந்தேகாலுக்கும் நடுவில் ஒரு சின்னப் படி இருந்தது. அந்த நேரத்தில் ஆயிரத்து அறுநூறு வீட்டில் ஒரு ஜன்னலிலும் விளக்கு எரியாது.

குடியிருப்புக்கு முப்பது வயது ஆகிறது என்று சங்கத்தில் ஒரு வரலாற்று மலர் போட முடிவு செய்திருந்தார்கள். மக்கள்தொகை அத்தியாயத்தை என்னிடம் கொடுத்தார்கள். அதற்காகப் பழைய தாள்களையெல்லாம் பரணிலிருந்து இறக்கினேன். அப்போதுதான் கவனித்தேன். முதல் வருஷத் தாளில் மயிரிழை அளவுக்கு இருந்த படி, வருஷம் போகப் போகத் தடித்து, இப்போது அரைச் சாணுக்கு வந்து நிற்கிறது.

இந்த ஊர் தானாக வளர்ந்ததில்லை. வெறும் மேட்டு நிலத்தில் கயிறு பிடித்து, கோடு போட்டு, முதலில் குழாய் புதைத்து, அப்புறம் வீடு கட்டினார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே வரைபடம்: கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை, அதன் பின்னால் எட்டடிக்கு ஆறடியில் ஒரு சாமான் அறை. வீட்டுக்கு நாலரைப் பேர், ஆக மொத்தம் ஏழாயிரத்து இருநூறு பேர் என்று கணக்கிட்டுத் தொட்டி கட்டினார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தலை எண்ணும் படிவத்தை வடிவமைத்தவன் நான். போன முறை எண்ணியபோது ஏழாயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. திட்டமும் ஊரும் இப்படி ஒட்டிப்போவது அபூர்வம் என்று எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கூடத்தில் மாட்டியிருந்தேன். வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் விளக்குவேன்.

நாலரை மணிப் படியைச் சங்கச் செயலாளரிடம் காட்டினேன்.

"கசிவா இருக்கும் சார்," என்றார் அவர். "நடுவுல எங்கயாவது குழாய் விட்டிருக்கும்."

"கசிவுன்னா நாள் பூரா கசியணுமே சார். முக்கால் மணி நேரம் கசிஞ்சிட்டு ஓய்வெடுத்துக்குமா?"

"உங்க கசிவு, நீங்கதான் விசாரிக்கணும்." சிரித்தார். "ஒண்ணு பண்ணுங்க. ராத்திரி பத்துலேருந்து காலைல அஞ்சரை வரைக்கும் பெரிய வால்வை மூடிப் பாப்போம். மிச்சமானா ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நிரந்தரமா தீர்மானம் போட்டுடலாம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அன்றிரவு சாப்பிடும்போது வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி தலையாட்டினாள். என் பெண்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

சங்கப் பலகையில் அறிவிப்பு எழுதிப் போட்டு, முதல் நாள் வால்வு மூடியதும் நாலரை மணிப் படி காணாமல் போனது. செயலாளர் போன் செய்து, "பிடிச்சிட்டோம் பாத்தீங்களா!" என்றார். நான் தாளை இன்னொரு முறை பார்த்தேன். முந்தின இரவு ஒன்பதரைக்கு, இதுவரை எந்தத் தாளிலும் இல்லாத இடத்தில், புதிதாக ஒரு படி. அளந்தேன். அதே அரைச் சாண். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே.

வால்வு மூடப்போகிறார்கள் என்று தெரிந்து ஒரு கசிவு முன்கூட்டியே கசிந்து வைத்துக்கொள்ளாது. மனிதர்கள்தான் தண்ணீர் பிடித்து வைப்பார்கள்.

"வீடு வீடா எதாவது வித்தியாசமா பாத்தியாப்பா?" என்று வால்வு திறப்பவரைக் கேட்டேன்.

"வித்தியாசம்னா... பின்பக்கக் குழாய்ல துணி கட்டியிருக்காங்க சார். பாதி ஊரு அப்படித்தான். நாம விடற தண்ணில மண்ணு வருதுன்னு வடிகட்டுறாங்களோ என்னவோ. எனக்கே மானம் போகுது."

நான் விடும் தண்ணீரில் மண் வராது. அந்தக் கோபத்தோடுதான் மத்தியானம் வீட்டுக்குப் போனேன். கையெல்லாம் பேனா மை. உள்ளே தொட்டால் மனைவி திட்டுவாள் என்று பின்பக்கக் குழாய்க்குப் போனேன். எங்கள் வீட்டுக் குழாயிலும் முழ நீளத்துக்கு ஒரு பழைய புடவைக் கிழிசல் கட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு வாளிகள், தட்டு போட்டு மூடி.

அக்கா சாமான் அறை வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது எதுக்கு? தண்ணி கலங்கலா வருதா?"

"தண்ணிக்கு என்ன கொறச்சல். சத்தத்துக்குக் கட்டினது." எழுந்து வந்து குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழவில்லை. துணியைப் பிடித்துக்கொண்டு வழுக்கி இறங்கி, வாளிக்குள் பூனை மாதிரிப் போனது. ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

நல்ல யோசனை என்றுதான் முதலில் தோன்றியது. விழும் தண்ணீர்தான் சத்தம் போடும், வழியும் தண்ணீர் போடாது. அதை யோசித்து முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது.

"யாருக்குக் கேக்கக் கூடாது?"

"யாருக்கா? உங்களுக்குத்தான். நாலரைக்குக் குளிச்சாத்தானேடா அஞ்சரைக்கு அடுப்புப் பக்கம் போக முடியும். நீங்க எந்திரிச்சிட்டா அப்புறம் இந்தப் பக்கம் எனக்கு ஏது இடம். இந்த வித்தை பக்கத்து வீட்ல சமைக்கிற பொண்ணு சொல்லிக் குடுத்தது. அவளுக்கு வேற யாரோ. மூணு நாளா ராத்திரியே பிடிச்சு வெச்சு, வாளில ஜில்லிட்டுப் போன தண்ணில நடுங்கிக்கிட்டு குளிக்கிறேன். யாரோ மகராசன் வால்வை மூடிட்டானாம்."

"நான்தான்க்கா."

"தெரியும்டா. கசிவைப் பிடிக்கப் போறேன்னு நீ சொன்னப்ப, உன் தட்டுல போட்டுக்கிட்டு இருந்தது நான்தானே." மடித்த துணியை இன்னொரு முறை மடித்தாள். "அப்ப நான்தான் அந்தக் கசிவா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், இரண்டாவது பெண் பிறந்தபோது, மூன்று மாசம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள் அக்கா. அத்தான் வேறொருத்தியோடு போய்விட்ட வருஷம் அது. எங்கே திரும்பிப் போவாள் என்று யாரும் கேட்கவில்லை. இரு என்றும் யாரும் சொல்லவில்லை. சாமான் அறையில் சாமான்களை ஓரம் தள்ளிப் பாய் விரித்தாள். அந்த அறைக்கு எதற்கு ஒரு காற்றுத் துளை, எதற்கு வெளிச்சுவரில் தனிக் குழாய், எதற்குக் குளிக்கிற கல் என்று நான் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. வரைபடம் போட்டவர்கள் யோசித்திருந்தார்கள். அங்கே ஆள் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அறை என்று எழுதினால் ஆளைக் கணக்கில் சேர்க்க வேண்டும், தொட்டியைப் பெரிதாகக் கட்ட வேண்டும். அதனால் சாமான் என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் யாரோ. நான் கூடப்பிறந்தவன்.

அலுவலகத்துக்குத் திரும்பி எங்கள் வீட்டுப் படிவங்களை எடுத்தேன். அக்கா வந்த பிறகு நாலு முறை எண்ணியிருக்கிறோம். நாலு முறையும் என் கையெழுத்து. குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று நானே போட்ட கட்டங்கள். உறுப்பினர்கள்: நால்வர். நாலு முறையும் நால்வர். அக்காவுக்குக் கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கட்டம் போட்டது யார்?

பிறகு கணக்குப் போட்டேன். தொட்டியில் அரைச் சாண் என்றால் முப்பதாயிரம் லிட்டர். ஒரு ஆள் குளித்து, உடுத்தினதை அலசிப் போட ஐம்பது லிட்டர். வகுத்தால் அறுநூறு பேர். திட்டமும் ஊரும் ஒட்டிப்போகவே இல்லை. ஒட்டிப்போகிற மாதிரி கேள்வி கேட்டிருக்கிறேன்.

மாலையில் சான்றிதழைக் கழற்றியபோது மனைவி, "ஏங்க, துடைக்கவா?" என்றாள். காரணம் சொன்னேன். சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் படிவத்தை நானும் ஒவ்வொரு தடவையும் படிச்சுப் பாத்துத்தான் குடுத்தேன்," என்றாள். "அண்ணி இல்லையேன்னு எனக்கும் தோணல." சமையலறைப் பக்கம் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வால்வுத் தீர்மானத்தைச் செயலாளர் வாசித்ததும் எழுந்தேன். தாள்களைச் சுவரில் ஒட்டி, படியைக் காட்டி, ஒன்பதரைக்கு அது இடம் மாறியதைக் காட்டினேன். இது கசிவில்லை, நம் சாமான் அறைகளில் தூங்குகிற அறுநூறு பேர் குளிக்கிற தண்ணீர் என்றேன்.

"அவங்க வேலைக்கு இருக்கறவங்க சார்," என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். "ஊர்க்காரங்கன்னு எப்படி எண்றது?"

"எங்க வீட்ல இருக்கறது என் சொந்த அக்கா. இருபத்தொரு வருஷமா இருக்காங்க. நானே எண்ணல."

பின்னால் யாரோ இருமினார்கள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுப் பின்பக்கக் குழாயிலும் துணி உண்டு என்று வால்வு திறப்பவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செயலாளரே, "சரி சார், என்ன பண்ணலாம்?" என்றார் மெதுவாக.

மலரை ஒரு மாதம் தள்ளிவைத்து மறுபடி எண்ணினோம். ஏழாயிரத்து எழுநூற்று ஐம்பத்தெட்டு. எங்கள் வீட்டுப் படிவத்தை அக்காவிடமே கொடுத்தேன். ஐந்து என்று எழுதி, எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, "இப்பவாவது சுடுதண்ணி வருமாடா?" என்று கேட்டாள்.

செய்தது இவ்வளவுதான். பெரிய வால்வை மூடுவதில்லை. தொட்டி ஏழாயிரத்து எழுநூற்று ஐம்பத்தெட்டுப் பேருக்கு என்று கணக்கிட்டு, பம்பை ஒரு மணி நேரம் முன்னதாக, காலை நாலுக்கே ஓட்டுகிறோம். படிவத்தில் இருந்த கட்டங்களை எடுத்துவிட்டோம். "குடும்ப உறுப்பினர்கள் எத்தனை பேர்?" என்ற கேள்வி இருந்த இடத்தில் இப்போது, "நேற்று இரவு இந்த வீட்டில் எத்தனை பேர் தூங்கினார்கள்?" என்று இருக்கிறது.