நேராக நுழையும் இடம்

முதல் விடுமுறை முகாமில் கடலோர வரிசையிலேயே கேரவன் நிறுத்த இடம் இருந்தது. யெப்பே வேண்டாம் என்றான்.

இரண்டாவதிலும் அப்படித்தான். வரவேற்பில் இருந்த பெண் வரைபடத்தில் விரல் வைத்து, மணல்மேட்டுக்கு நேர் பின்னால், அலைச் சத்தம் கேட்கும், ஜூலையில் இது கிடைப்பதே பெரிது என்றாள். காரில் பூட்டி இழுத்து வந்த சக்கர வீட்டை, கேரவனை, நேராக ஓட்டி நுழைக்க முடியுமா என்று கேட்டான். முடியாது, இருபுறமும் காட்டு ரோஜாப் புதர், ரிவர்ஸில்தான் போக வேண்டும். நேராகத்தான் வேண்டுமென்றால் சாலையோரம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒன்று உண்டு. யெப்பே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

காரில் மகள் வில்மா கறுப்பு லைக்கரைஸ் மிட்டாய் மென்றுகொண்டிருந்தாள். ஆறு வயது. நாக்கு கறுத்திருந்தது. இடமில்லையாம் என்று அவளிடம் சொன்னான்.

மூன்றாவது முகாமில் உண்மையாகவே இடமில்லை.

டென்மார்க்கில், ஜட்லாந்தின் மேற்குக் கரையோரம் வடக்கே ஓட்டினான். காருக்குப் பின்னால் கேரவன் ஆடி ஆடி வந்தது. கல்யாணமான கோடையில் வாங்கியது. வருடா வருடம் அதை ரிவர்ஸ் எடுத்தது அவன் மனைவி மைகென்தான். பண்ணையில் வளர்ந்தவள், சின்ன வயதிலேயே டிராக்டரோடு வைக்கோல் வண்டியைக் கொட்டகைக்குள் பின்னால் தள்ளிப் பழகியவள். பின்னால் நின்று கை காட்டுவது யெப்பேயின் வேலை. தானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

பிப்ரவரியில் அவள் இறந்தாள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது கேரவன் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பல்பொருள் அங்காடி மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் கார் நிறுத்துமிடத்தில் பழகிப் பார்த்தான். காரும் கேரவனும் முழங்கை மாதிரி மடிந்தன.

அம்மா போனபின் வில்மா எதையும் கேட்டதில்லை. பள்ளி விடுமுறை விட்ட அன்று, படுத்துக்கொண்டே கடலைக் கேட்கும் இடத்துக்குப் போகலாமா என்றாள். சரி என்றான். பிறந்தநாளுக்கு அவள் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று சொல்லிக் காப்பாற்றாமல் விட்ட வாக்கு ஏற்கனவே ஒன்று இருந்தது.

மதியம் சாலையோரக் கடையில் ஹாட் டாக் வாங்கினான். வில்மா மேலே தூவிய வறுத்த வெங்காயத்தை மட்டும் பொறுக்கித் தின்றாள்.

"அப்பா, அங்க புல்லு காலியாத்தான இருந்துச்சு. நான் பாத்தேன்."

"நம்ம வண்டிக்கு அது சரிப்படாது."

"போன வருஷம் சரிப்பட்டுச்சே."

அவன் காகிதக் கைக்குட்டையை நீட்டினான். அவள் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப வீட்டுக்குப் போறோமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பான். அவள் வெறுமனே கேட்டாள். அடுத்த முகாமில் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தான்.

அங்கே ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. முதல் வரிசை. ரிவர்ஸ். பணத்தைக் கட்டினான்.

இந்த முகாம்களில் யாராவது கேரவனை உள்ளே விட ஆரம்பித்தால் மற்றவர்கள் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காப்பி குடித்தபடி பார்ப்பார்கள். யெப்பேயும் மைகெனும் அப்படிப் பார்த்தவர்கள்தான். மைகென் மதிப்பெண்கூடப் போடுவாள்.

முதல் தடவை கேரவன் புதருக்குள் போனது. அடுத்த தடவை பாதையைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றது. மறுபடியும் முயன்றான். மறுபடியும் அதே புதர். பக்கத்து இடத்திலிருந்து மரக்கட்டைச் செருப்பு மாட்டிய ஒரு பெரியவர் எழுந்து வந்தார். ப்ரெபென் என்று பெயர் சொல்லிக் கார் ஜன்னலில் குனிந்தார்.

"தம்பி, இந்தப் புதர் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? வீட்டம்மாவ இறக்கிப் பின்னாடி நிக்க வைக்கறதுதான? வழியில சண்டையா?"

"இறந்துட்டா," என்றான் யெப்பே. "ஓட்டுறது அவதான். நான் பின்னாடி நிப்பேன்."

ப்ரெபென் செருப்பு நுனியால் மணலைக் கொஞ்சம் தள்ளினார்.

"அப்ப நீ போய்ப் பின்னாடி நில்லு," என்று கதவைத் திறந்தார்.

யெப்பே போய் நின்றான். காரின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுபவர் முகம் தெரியும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். முகம் தெரிந்தால்தான் கையும் அவருக்குத் தெரியும். மைகென் அதில் நாக்கைத் துருத்துவாள். இப்போது வெள்ளைப் புருவம் தெரிந்தது. யெப்பே கையைத் தூக்கினான். இடது. இன்னும் கொஞ்சம். நேர். நேர். கைமுஷ்டி. வண்டி நின்றது. புதரில் ஓர் இலைகூட உரசவில்லை.

ப்ரெபென் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"கை காட்டுறது மோசமில்ல," என்றார். அந்தப் பக்கத்தில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. "கிளம்பறப்ப நேராப் போயிடலாம். அது எல்லாருக்கும் வரும்."

நாற்காலிகள் மறுபடி கடல் பக்கம் திரும்பின.

கேரவனுக்குள் வில்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையில் ஏறிப் படுத்திருந்தாள். கண்களை மூடியிருந்தாள்.

"ரொம்ப சத்தமா இருக்குப்பா."

"ஜன்னலச் சாத்தட்டுமா?"

"வேணாம்."

கேரவன் ஆடாமல் நிற்க அதன் மூலைக் கால்களை இறக்கிவிட அவன் வெளியே போனான்.