நான்கு கேத்தல் சாயம்

காத்தான்குடியில் பெண்பிள்ளையைப் பெற்றவனுக்கு வீடு என்பது கொஞ்சக் காலம் கைமாற்றாகக் கிடைத்த பொருள். மகளுடைய கலியாணத்தோடு வீடு அவளுக்குப் போய்விடும். பெற்றவர்கள் பின்வளவில் ஒரு அறையும் குசினியும் இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஊர் வழக்கம் அது, யாரும் குறை சொன்னதில்லை. றவூபுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நிஸ்மியாவுக்குக் கட்டாரில் இருபத்திரண்டு வருடம் லொறி ஓடி ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். இளையவள் றுமானாவுக்குத் தாங்கள் குடியிருந்த வீட்டையே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மனிதர் ஒழுங்காக ஒரு அத்திவாரம் வெட்டியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. அவர் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி வந்து வாவிக்கரையில் நிறுத்தினார்.

அந்த மினிபஸ்ஸுக்கு முப்பது வயது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே இடுப்பு ஒடிந்துபோனது. றவூப் முன்னால் உள்ள இரண்டை விட்டு மற்ற இருக்கைகளையெல்லாம் கழற்றினார். பலகையில் கட்டில் அடித்தார், கேஸ் அடுப்புக்கு மேடை வைத்தார், துருப்பிடித்த படிக்கட்டை வெட்டியெறிந்து புதிதாக ஒட்டினார். கூரையின் பின்பக்கம் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கியை ஏற்றி நான்கு பெரிய போல்ட் போட்டு முறுக்கினார். உள்ளே குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் குழாயைத் திறந்து காட்டுவதே அவருடைய தொழிலாக இருந்தது.

"வீடும் இதுதான், வாகனமும் இதுதான். ஒரு இடம் அலுத்தா அங்கால போவம்," என்றார் மனைவி றம்லாவிடம்.

றம்லா கைத்தறியில் இடுப்பில் கட்டும் சாரம் நெய்கிறவள். பேச்சுக் குறைவு, பார்வை கூர்மை. பஸ்ஸை ஒரு முறை சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள்.

"மாரி வரட்டும். முதல் மழைக்கு ஒரு சொட்டு உள்ளுக்க விழுந்தாலும் இதை உசனாருக்குக் குடுத்திட்டு, மகள்ற பின்வளவில ஒரு அறை இறக்கோணும். சம்மதமா?"

உசனார் ஓட்டமாவடியில் பழைய இரும்பு வாங்குகிறவர். றவூப் சம்மதித்தார். வேறு என்ன செய்வார்? ஆனால் உள்ளுக்குள் நொந்துபோனார். பாலைவன ரோட்டில் லொறி ஓடிய காலமெல்லாம் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது. அதில் றம்லாவை உட்காரவைத்து ஊர் ஊராகப் போக வேண்டும் என்று நினைத்து நினைத்தே அந்த வருடங்களை ஓட்டினார். அவளுக்கோ அப்படி ஒரு விருப்பமே இல்லை, தட்டிக்கழிக்கச் சாட்டுத் தேடுகிறாள் என்று இப்போது பட்டது.

மழை வரும் வரை காத்திருக்க அவருக்குத் தைரியம் இல்லை. பம்பைப் போட்டுக் கூரை முழுக்கத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். அரை மணித்தியாலத்தில் கட்டிலின் தலைமாட்டில், சரியாக றம்லாவின் தலையணையில், சொட்டு விழுந்தது. அதற்கு நேர் மேலே சிலிக்கன் பசை பூசினார். மறுநாளும் விழுந்தது. பழசைச் சுரண்டிவிட்டு இன்னும் தடிப்பாகப் பூசினார். பிறகு பசை போலி என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு வேறு பசை வாங்கினார். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்ற கதைதான். நான்காம் தரம் பூசியபோது கூரையின் முன்பக்கம் சுண்ணாம்பு பூசிய சுவராகிவிட்டது, சொட்டு மட்டும் நேரம் தவறாமல் வந்தது.

வாவியில் இறால் பிடிக்கும் நல்லரத்தினம் தோணியைக் கரையில் ஏற்றிவிட்டு இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்லடி ஊர்க்காரர். இறால் கொண்டுவந்தே இந்தக் குடும்பத்துக்குச் சிநேகமானவர்.

"நானா, தோணியெண்டா உள்ளுக்கத் தண்ணிய விட்டுப்போட்டு வெளியால எங்க வடியுதெண்டு பாப்பம். உங்கட பஸ்ஸ எப்பிடிக் கவுக்கிற?" என்று றவூபை அண்ணன் முறை சொல்லிக் கேட்டுச் சிரித்தார்.

றவூப் சிரிக்கவில்லை. இறாலைக் கழுவிக்கொண்டிருந்த றம்லா நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் நான்கு கேத்தல்களோடு வந்தாள்.

"என்னகா, இவ்வளவு தேத்தண்ணி ஆருக்கு?"

"தேத்தண்ணி இல்ல. சாயம்."

நூலுக்குப் போடும் சாயம். மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம், ஒவ்வொரு கேத்தலிலும் ஒவ்வொன்று.

"தறியில நூல் அறுந்த இடம் ஒண்டு, துணியில பிழை தெரியிற இடம் இன்னொண்டு," என்றாள் றம்லா. "நீங்க ஒழுகுற இடத்தையே பூசிப் பூசி நிக்கிறீங்க. தண்ணி உள்ளுக்கப் பூருற இடம் எது? நாலு இடத்திலயும் ஊத்துவம். எப்ப வந்தாலும் எந்தப் பக்கத்தால வந்ததெண்டு நிறம் சொல்லும். நீங்க கட்டில்ல படுங்க."

ஐம்பத்தெட்டு வயது. முக்காட்டை இறுக்கிக் கட்டி, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீழே நின்று கேத்தல்களை ஒவ்வொன்றாக எட்டிக் கொடுத்த றவூபுக்கு அவளைத் தடுக்கவும் முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. கூரையின் முன்பக்கச் சின்ன விளக்கைச் சுற்றி மஞ்சள். காற்றுப் போகும் மூடிக்குப் பச்சை. பக்கத்து விளிம்புக்குச் சிவப்பு. தாங்கியின் போல்ட்டுகளுக்கு நீலம். ஊற்றிய பிறகு பம்பால் மெல்லத் தண்ணீர் விட்டாள். றவூப் உள்ளே மல்லாந்து படுத்தார்.

படுத்தவர் கொஞ்சம் கண்ணயர்ந்தும் போனார். தாடியில் குளிர்ச்சியாக ஒன்று விழுந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்ன நிறம்?" மேலிருந்து குரல்.

மஞ்சள் என்று சொல்லிவிடலாமா என்று றவூப் ஒரு கணம் யோசித்தார்.

"விழுந்திட்டுது என்ன? நிறத்தச் சொல்லுங்க!"

"நீலம்," என்றார் வாய்க்குள்ளே.

"கேக்கல்ல."

"நீலமெண்டு சொன்னன்!"

கூரைமேல் அவள் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்குகள் எழும்பின. பிற்பகல் அசர் தொழுகைக்கு றவூப் பள்ளிவாசலுக்குப் போனபோது பக்கத்தில் நின்றவர்கள் தாடியைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியுமா? பெயின்ற் பட்டுவிட்டது என்று சொல்லித் தப்பினார்.

பின்பக்கத்துப் போல்ட் ஓட்டையால் புகுந்த தண்ணீர், முன்பக்கத்துத் தலையணைக்கு எப்படி வந்தது? அதையும் றம்லாதான் கண்டாள். தொழுவதற்கும் தூங்குவதற்கும் வாகாக இருக்கட்டும் என்று றவூப் பஸ்ஸின் மூக்கைத் தொழும் திசையான கிப்லாவைப் பார்க்க நிறுத்தியிருந்தார். கிப்லா மேற்கே, வாவியும் மேற்கே. நிலம் வாவியை நோக்கிச் சரிகிறது. பஸ் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்கிறவரைப் போல முன்னால் குனிந்து நின்றது. பின்னால் புகுந்த தண்ணீர் கூரைத் தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவில் ஓடி வந்து தலைமாட்டில் இறங்கியது.

"இத ரோட்டுப் பக்கம் திருப்போணும்," என்றாள் றம்லா.

"அப்ப கிப்லா?"

"வண்டிக்கு என்ன கிப்லா? தொழுற நாமதானே. பாயத் திருப்பிப் போட்டாப் போச்சி."

இரண்டு மாதம் திசை பிடித்து, கல் வைத்து, கயிறு கட்டி றவூப் செய்த ஏற்பாடு அது.

முதலில் தாங்கி இறங்கியது. வெற்றுக் கூரையைப் பார்க்க அவருக்குத் துக்கம் வந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நல்லரத்தினம் தோணிக்குப் பூசும் ரெசினும் பைபர் நாரும் கொண்டுவந்தார். றவூப் துருவைச் சுரண்டி, தகடு வெள்ளையாகும் வரை உரசினார். நாரை வெட்டி வைத்தது றம்லா. ஒரு படை நெடுக்கு, அடுத்த படை குறுக்கு, மூன்றாவது மறுபடி நெடுக்கு. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் படியவைத்தாள்.

"நாப்பது வருசம் தோணிக்குப் பூசுறன்," என்றார் நல்லரத்தினம். "இப்பிடி ஒரு கைய நான் காணல்ல நானா."

முப்பத்தைந்து வருடமாகத் தனக்குச் சோறு போட்ட கை அது என்பது றவூபுக்குத் தெரியும். இப்படிப்பட்ட கை என்பது இப்போதுதான் தெரிந்தது. அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் அவர் கடல் கடந்து கிடந்தார், யாரை நோவது? அவருக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ரெசின் காய்ந்த மூன்றாம் நாள் பிற்பகல் வானம் கறுத்தது. மழைக்கு முன்னே பஸ்ஸைத் திருப்பிவிட வேண்டும் என்று றவூப் சாவியைப் போட்டார். அது இருமியது, நின்றது. டீசல் வரவில்லை. அவர் இறங்குவதற்குள் றம்லா எஞ்சின் மூடியைத் தூக்கி, அவர் முன்பு காட்டிய டீசல் கைப்பம்பைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப அடிங்க!"

பஸ் ஒரு முறை உலுக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. புகை வாவிப் பக்கம் போனது. முன்னுக்கும் பின்னுக்குமாக ஆறு தரம் வளைத்து மூக்கை ரோட்டுப் பக்கம் கொண்டுவந்தார். நிறுத்தப் போகும் நேரம் றம்லா முன்கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஒரு பை. பைக்குள் பாய், போர்வை, இரண்டு மாற்றுச் சேலை, அவருடைய இரண்டு சாரம்.

"என்னகா இது?"

"திருப்பின வண்டிய ஏன் நிப்பாட்டுற? விடுங்க ரோட்டுக்கு. கல்குடாப் பக்கம் போவம்."

"மழை வருது புள்ள."

"வரட்டும்."

கல்லடிக்கு வந்தபோது மழை பிடித்தது. சாதாரண மழையா? மாரியின் முதல் மழை. கூரையில் கல்லெறிந்தது போல இடித்தது. பாலத்தில் ஏறியபோது இருபக்கமும் வாவி வெள்ளையாகி எதுவும் தெரியவில்லை. றவூபின் கண் ரோட்டில் இருந்தது, காது மட்டும் பின்னால் கட்டிலில் இருந்தது.

"ஒழுகுதா?"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பாலத்தைக் கடந்ததும் பொறுக்க முடியாமல் ஓரங்கட்டினார். எழும்பிப் பின்னால் போய்க் கூரையை முழுக்கத் தடவினார். தலைமாடு, விளக்கடி, விளிம்பு. தலையணையைத் தூக்கி முகத்தில் வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. இரண்டு தரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இருக்கையில் விழுந்தார்.

"ஒரு சொட்டும் இல்ல றம்லா! அல்ஹம்துலில்லாஹ், ஒரு சொட்டும் இல்ல! நீ திரும்பியும் பாக்கல்லயே?"

றம்லா முன்கண்ணாடியில் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கல்ல," என்றாள். "ஒழுகியிருந்தாலும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டன்."

றவூப் கியரைப் போட்டார். பஸ் கல்குடாப் பக்கம் நகர்ந்தது.